தேடினோம், கிடைக்கவில்லை

சாயங்காலத்து அஸர் தொழுகை முடியும் நேரத்தில் கைருன்னிஸா லாத்தாவின் வீட்டு வாசலில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். அரிசி மாவில் தேங்காயும் வெங்காயமும் சேர்த்துப் புளிக்க வைத்து, வட்டமாகத் தட்டி, நடுவில் ஓர் இறாலைப் பதித்துப் போடுவார். அதற்கு வாடா என்று பெயர். காரைக்காலில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

அவரிடம் பேச்சுக் கொடுத்து ஜெயித்தவர்கள் குறைவு.

"என்ன லாத்தா, இன்னிக்கு இறால் கண்ணுக்கே தெரியல?" என்று யாராவது கேட்டால், தலையை நிமிர்த்தாமலே, "உங்களப் பாத்து வெக்கப்பட்டு உள்ள போயிடுச்சு. கடிச்சுப் பாருங்க, வெளிய வரும்" என்பார்.

எங்கள் வீடு அவர் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி. நாங்கள் இந்துக்கள்தான் என்றாலும் தெருவில் எல்லாரும் அழைப்பதுபோல நானும் லாத்தா என்றுதான் அழைப்பேன். அக்கா என்று அர்த்தம்.

அவர் கணவர் முகைதீன் பிச்சை சைகோனில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கம்பெனியின் கிடங்கில் வேலை பார்த்தார். யுத்தத்தில் கப்பல் நின்றபோது ஊரில் மாட்டிக்கொண்டவர். அந்த வருஷங்களில்தான் நிக்காஹ் நடந்தது, மகள் மஹ்பூபா பிறந்தாள். கப்பல் ஓடத் தொடங்கியதும் போய்விட்டார். பிறகு ஐம்பதாம் வருஷம் ஒரே ஒரு முறை வந்தார். மஹ்பூபாவுக்கு அப்போது ஐந்து வயது. "வாப்பா மீசை குத்தும்" என்பது மட்டுந்தான் அவளுக்கு நினைவு.

ஐம்பத்து நான்காம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. சைகோனில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள். கம்பெனி கிடங்கை மடகாஸ்கருக்கு மாற்றுகிறது. வேலைக்காரர்கள் மனைவி மக்களைக் கூட அழைத்துக்கொள்ளலாம். அதற்குக் கல்யாணப் பதிவின் நகலும், குழந்தையின் பிறப்புப் பதிவின் நகலும் ஜனவரி மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். பட்டியலில் அப்புறம் பெயர் சேர்க்க மாட்டார்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் மேரியில் பதிய வேண்டும். கொம்யூன் என்பது நகராட்சி மாதிரி; அதன் அலுவலகத்துக்கு எங்கள் பக்கத்தில் மேரி என்று பெயர். அதன் தலைவர் மேர். லாத்தாவிடம் இரண்டு பதிவுகளின் நகல்களும் பத்திரமாக இருந்தன. பட்டுக் கைக்குட்டையில் சுற்றி, தகரப் பெட்டியில், அத்தர்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஆனால் பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. நகல் எடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டால் அது செல்லாது. பழைய நகலைக் கொடுத்துப் புதுசு வாங்க வேண்டும்.

லாத்தா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மேரிக்குப் போனார். குமாஸ்தா நீலமேகம் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார்.

"பழசு இங்கயே இருக்கட்டும்மா. நம்பரப் பாத்துப் புஸ்தகத்துல தேடி எழுதணும். வெள்ளிக்கிழமை காலையில வாங்க."

"தொலைச்சுடாதீங்க அண்ணே."

"மேரியில வச்சது எங்கம்மா தொலையும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. லாத்தாவும் செய்யவேண்டியதைத்தான் செய்தார். ஆனால் வியாழக்கிழமை மேரி எரிந்தது.

அப்போது ஊர் முழுக்க இணைப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரன் போக வேண்டும், காரைக்கால் இந்தியாவோடு சேர வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதுவதைப் பிரெஞ்சுக்காரனுக்கு வக்காலத்து என்று சிலர் சொல்லக்கூடும். அன்று ஊர்வலத்தில் நானும் போனேன். மேரியின் மேல் பறந்த பிரெஞ்சுக் கொடியை இறக்குவதுதான் திட்டம். இறக்கினோம். அதோடு கலைந்திருக்கலாம். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த கபீர் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே குதித்தான். அவன் கையில் மண்ணெண்ணெய் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. பதிவுப் புத்தகங்கள் இருந்த அலமாரி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பழைய காகிதம்; எரிவதற்கு நேரமே ஆகவில்லை. "வெள்ளைக்காரன் காகிதம் எரியுது!" என்று யாரோ கத்தினார்கள். நானும் கை தட்டினேன்.

அந்தக் காகிதங்களில் ஒரு வெள்ளைக்காரன் பெயர்கூட இருந்திருக்காது. எங்கள் பெயர்கள்தான் இருந்தன. இது எனக்கு உறைக்கப் பல மாதம் ஆயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. லாத்தா, குமாஸ்தா சொன்னபடி காலையில் போய் நின்றார். கூரை இல்லை. நீலமேகம் வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். லாத்தா உள்ளே போய்ச் சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு வந்தாராம்.

"இவ்வளவும் காகிதந்தானா அண்ணே?" என்று மட்டும் கேட்டாராம்.

அன்று சாயங்காலம் எல்லைச் சாவடியைத் தாண்டி, இந்திய மண்ணில் ஒரு கூட்டம் நடந்தது. பிரெஞ்சுப் போலீஸ் அங்கே வர முடியாது என்பதால் எல்லாக் கூட்டமும் அங்கேதான் நடக்கும். பேசியவர் விழிதியூர் மிராசுதார் சிவசுப்பிரமணியன். இவர் அந்த வருஷம் மாசி மாதம்வரை பிரெஞ்சு நிர்வாகத்தின் சபைகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். காற்று மாறியதும் கதர் ஜிப்பாவுக்கு மாறினார். மேரிக்குத் தீ வைத்தபோது அவர் சாவடிக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தார். மேடையில் கபீரைப் பக்கத்தில் நிறுத்தி அவன் வலது கையைத் தூக்கிப் பிடித்தார்.

"யார் கொளுத்தியது என்று பரங்கி கேட்கிறான்! இந்தக் கை என்று சொல்லுங்கள்! இது குற்றம் என்கிறான். அடிமை மண்ணில் குற்றம் என்று ஒன்று உண்டா? இந்தக் கைக்கு நான் முத்தம் கொடுக்கிறேன்!"

கொடுத்தார். கூட்டம் எழுந்து நின்றது. கபீருக்குப் பதினெட்டு வயது. அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நவம்பர் முதல் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சிவசுப்பிரமணியன் எங்கள் கொம்யூனுக்குத் தலைவரானார். கபீருக்கு மேரியிலேயே பியூன் வேலை கிடைத்தது. வெள்ளையடித்து, புதுக் கூரை போட்ட அதே கட்டிடம்.

லாத்தா நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே எழுத்தர் பொறுமையாகவே சொல்லியிருக்கிறார். பதிவுப் புத்தகத்துக்கு இரட்டைப் பிரதி உண்டு, ஒன்று நீதிமன்றத்துக்கு வரவேண்டும். ஆனால் யுத்த வருஷங்களின் பிரதிகளை உங்கள் கொம்யூன் அனுப்பவே இல்லை, இரண்டும் ஒரே அலமாரியில் இருந்திருக்கின்றன. பரவாயில்லை, வழி இருக்கிறது. புத்தகங்கள் எரிந்து அழிந்தன என்று கொம்யூன் தலைவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், நிக்காஹ் நடத்தியவரையும் இரண்டு சாட்சிகளையும் வைத்து நீதிபதி புதுப்பதிவு கொடுத்துவிடுவார். பதினைந்து நாள் வேலை.

ஒரே ஒரு வரி. எரிந்து அழிந்தன.

லாத்தா டிசம்பரில் தலைவரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். எனக்குப் பள்ளிப் படிப்பு முடிந்து வேலை எதுவும் கிடைக்காத நேரம்.

"அதுக்கென்னம்மா, செஞ்சுட்டாப் போச்சு" என்றார் சிவசுப்பிரமணியன். நல்லவிதமாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். பிறகு நீதிமன்ற எழுத்தர் கொடுத்தனுப்பிய தாளைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எரிஞ்சுதுன்னு எப்படிம்மா எழுத முடியும்? எழுதினா, யார் எரிச்சான்னு கேப்பாங்க. இப்ப நடக்கிறது நம்ம சர்க்கார். நம்ம சர்க்கார் ஆபீஸ் ரிக்கார்டுல தீ வச்சாங்கன்னு நாமளே எழுதிக்கிறதா?"

"நீங்க மேடையில சொன்னீங்களே ஐயா?"

"மேடை வேறம்மா."

இதைச் சொன்னபோது அவருக்குக் கூச்சம் இருந்ததா என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தின் வாசகம் இது: 'நிர்வாக மாற்றத்தின்போது மேற்படி புத்தகங்கள் இடம் மாறியுள்ளன. தேடப்பட்டு வருகின்றன.'

தேடப்பட்டு வருகின்றன என்று எழுதிவிட்டால் நீதிமன்றம் என்ன செய்யும்? தேடுங்கள் என்றது. வாரம் ஒரு முறை தேடி, பலனை ஒரு நோட்டில் எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டு, மாத முடிவில் அந்த நோட்டை அனுப்பிவைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அலுவலகத்தில் இந்த வேலையை யாரிடம் கொடுப்பது? நீலமேகம் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு ரிடையராக ரெண்டு வருஷந்தான் இருக்கு, என்னை விட்டுடுங்க" என்றார். எழுதப் படிக்கத் தெரிந்த இன்னொருவன் கபீர்தான்.

அதாவது, அந்தப் புத்தகங்களை எரித்தவனையே அவற்றைத் தேடச் சொன்னார்கள். நான் இதைக் கதைக்காகச் சேர்க்கவில்லை. அவன் வெள்ளிக்கிழமை காலையில் அலமாரியைத் திறந்து மூடுவான். புது அலமாரி, உள்ளே வெற்றுத் தாளும் மைப் புட்டியும். பிறகு நோட்டில் எழுதுவான்: 'தேடினோம். கிடைக்கவில்லை.' தலைவர் கையெழுத்துப் போடுவார்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி மைதானத்தில் விழா. பெண்கள் பக்கத்தில் லாத்தா மஹ்பூபாவோடு உட்கார்ந்திருந்தார். சிவசுப்பிரமணியன் பேச ஆரம்பித்து, கால் மணி நேரத்தில் வழக்கமான இடத்துக்கு வந்தார்.

"மேரியைச் சாம்பலாக்கிய நம் காளைகளை இந்த நாடு மறக்குமா?"

லாத்தா எழுந்து நின்றார்.

"ஐயா, இப்ப சொன்னத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. "வாடாக்காரம்மா கணக்குக் கேக்குது!" என்று ஒருவன் கத்தினான். தலைவரும் சிரித்தார். "உட்காருங்கம்மா, விழா முடியட்டும்" என்றார். தொண்டர்கள் இரண்டு பேர் வந்து கையை நீட்டி உட்காரச் சொன்னார்கள். அதில் ஒருவன் கபீர். அவன் லாத்தாவின் முகத்தைப் பார்க்காமல் மஹ்பூபாவின் தலையைப் பார்த்து, "உக்காருங்க லாத்தா" என்றான்.

அவர் உட்காரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜனவரி போயிற்று. முகைதீன் பிச்சையின் பெயர் பட்டியலில் தனி ஆளாக ஏறியது. மார்ச் மாதம் அவர் மடகாஸ்கருக்குக் கப்பல் ஏறினார். கடைசிக் கடிதத்தில், தீர்ப்பு எப்போது வந்தாலும் அங்கிருந்து மனுப்போட்டு அழைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, ஆனால் தீர்ப்பு இல்லாமல் வழியே இல்லை என்று எழுதியிருந்தார்.

அதன் பிறகு லாத்தா ஒரு காரியம் செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மேரிக்குப் போவார். வாசலில் நிற்பார். கபீர் அலமாரியைத் திறந்து மூடும்வரை காத்திருப்பார்.

"கிடைச்சுதா?"

"இல்ல லாத்தா."

"நல்லாத் தேடுனியா?"

"தேடுனேன் லாத்தா."

திரும்பி வந்துவிடுவார். அவ்வளவுதான். அழுததில்லை, ஏசியதில்லை. மார்ச்சில் தொடங்கியது, மழைக்காலம் வரை ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. ஒரு முறை காய்ச்சலில் படுத்தபோது மஹ்பூபாவை அனுப்பினார். அந்தப் பெண் போய், "கிடைச்சுதான்னு உம்மா கேட்டு வரச் சொன்னாங்க" என்றாளாம். அன்று கபீர் மூடிய அலமாரியை இன்னொரு முறை திறந்து பார்த்தான் என்று நீலமேகம் எங்களிடம் சொன்னார்.

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. வெளியூர் அதிகாரிகள் வந்திருக்கும் நேரத்தில் ஒரு பெண் வாசலில் நின்று கேட்பது நன்றாக இல்லையாம். ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தார். "அவங்கதானே தேடுறதா எழுதியிருக்காங்க. கிடைச்சுதான்னு கேக்கறது தப்பா?" என்றார் லாத்தா.

கபீர் எங்களோடு சேர்வதை விட்டுவிட்டான். முன்பெல்லாம் சாயங்காலம் லாத்தாவின் வாசலில் நின்று நான்கு வாடா தின்பவன், இப்போது தெருவையே சுற்றிக்கொண்டு போனான். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டேன்.

"டேய், நீயே போய்க் கோர்ட்டுல சொல்லிடேன்."

"போனேன்டா. ஆபீஸ் தலைவர் எழுத்து வேணுமாம். நான் சொன்னாச் செல்லாதாம்." வந்த பேருந்தில் ஏறாமல் நின்றான். "மேரிய எரிச்சது நானுன்னு ஊருக்கே தெரியும். எழுத்துல மட்டும் எரியவே இல்லடா அது."

நவம்பர் முதல் தேதி வந்தது. நம் ஆட்சியின் முதல் ஆண்டு நிறைவு. அதற்கு முன் வெள்ளிக்கிழமை மேரி முழுக்கத் தோரணமும் ஆட்களும். மாதக் கடைசி என்பதால் நோட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கபீர் அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனபோது அவர் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். வழக்கம்போல, "எங்கடா?" என்று கேட்டார். கபீர் விரலை வைத்துக் காட்டினான். அவர் பந்தலைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார். பத்து மாதமாக அப்படித்தான் போட்டு வந்தார். ஒரு வாரம்கூட அந்த நோட்டை அவர் படித்ததில்லை.

அந்த வாரம் கபீர் எழுதியிருந்தது இது: 'தேடினோம். கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் இந்த அலுவலகப் பியூனாகிய கபீர் வைத்த தீயில் மேற்படி புத்தகங்கள் அனைத்தும் எரிந்து அழிந்துவிட்டபடியால் இனித் தேடுவது வீண்.'

கீழே தலைவர் கையெழுத்து, அலுவலக முத்திரை.

அன்று லாத்தா வழக்கம்போல வாசலுக்கு வந்து, "கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"இனிமே வராதீங்க லாத்தா" என்றானாம் அவன். "எழுதிட்டேன்."

ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நிக்காஹ் நடத்திய பெரியவரும் இரண்டு சாட்சிகளும் போய்ச் சொன்னார்கள். கல்யாணத்துக்கும் பிறப்புக்கும் புதுப்பதிவு எழுதப்பட்டது. பதினைந்து நாள் என்று எழுத்தர் சொன்ன வேலைக்குப் பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சிவசுப்பிரமணியனால் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. பொங்கல் முடிந்து ஒரு கூட்டத்தில், "ஓர் ஏழைச் சகோதரியின் கண்ணீரைத் துடைக்க, உண்மையைத் துணிந்து எழுத்தில் வைத்தவன் நான்" என்று பேசினார். அதற்கும் கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பத்து நாள் கழித்து கபீரை வேலையிலிருந்து நீக்கினார். அலுவலகக் குறிப்பேட்டில் அனுமதியில்லாமல் எழுதியது குற்றமாம். மேரியைக் கொளுத்தியதற்கு முத்தம். கொளுத்தினேன் என்று எழுதியதற்கு வேலை நீக்கம்.

அந்த வருஷம் ஆடி மாதம் லாத்தாவும் மஹ்பூபாவும் புறப்பட்டார்கள். பம்பாயில் கப்பல். புதுச்சேரிக் குடும்பம் ஒன்று அதே கப்பலில் போகிறது என்று துணை கிடைத்தது. காரைக்கால் ரயில் நிலையத்துக்குத் தெருவே வந்திருந்தது. கபீர் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனாகவே வந்து வீட்டு வாசலில் நின்றான். வழியெல்லாம் லாத்தா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றரை வருஷம் மகள் தகப்பனைப் பார்க்காமல் போனதற்கு அவன் காரணம் என்பது நோட்டில் எழுதியதால் மாறிவிடாதே.

வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சிவசுப்பிரமணியன் வந்தார். கையில் ரோஜா மாலை. கூடவே படம் பிடிக்கிற ஆள். ஜன்னல் பக்கம் நின்று மாலையை நீட்டினார். லாத்தா எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். படம் பிடித்தார்கள். வண்டி போய்விட்டது.

இதை நான் இப்போது எழுதக் காரணம், சென்ற வாரம் வெளிவந்த ஒரு சிறப்பு மலர். தலைவரின் தியாக வாழ்க்கையைப் பற்றியது. நூலகத்தில் வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் மேரி எரிப்பைப் பற்றி அவரே எழுதிய கட்டுரை இருக்கிறது. கபீரின் பெயர் அதில் இல்லை. அவன் இப்போது மண்டபத்தூரில் மீன் கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். கட்டுரைக்கு நடுவில் அந்த ரயில் நிலையப் படம். தலைவர் மாலையோடு நிற்கிறார். லாத்தா ஜன்னலிலிருந்து பேசுகிறார். 'தலைவரின் வீரச் செயலை வாழ்த்தி விடைபெறும் முஸ்லிம் சகோதரி' என்று கீழே அச்சிட்டிருக்கிறார்கள்.

நான் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சொன்னது இதுதான்:

"கொளுத்துனவன் அந்தா பொட்டி தூக்குன கையோட நிக்கிறான். அவன் சோத்துல மண்ணப் போட்டுட்டு எனக்கு எதுக்குங்க மாலை? எடுத்துட்டுப் போங்க."